முப்பதாவது வரி

ஜனவரி 8, புதன்

காலையில் இட்லி. இரண்டு சாப்பிட்டார். இன்னொன்று வைக்கட்டுமா என்றேன். "சரி." வைத்தேன். தொடவில்லை.

தண்ணி வேணுமா? "சரி." தோள் வலிக்குதா? "சரி." வலிக்கலையா? "சரி."

ஆகஸ்டில் என் வீட்டுக்காரர் துறைமுகத்து எலக்ட்ரிக்கல் ஆபீஸ் மாடிப்படியில் பக்கவாதம் வந்து விழுந்தார். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் அந்த ஒரு காலையில் போயிற்று. இந்த ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பித்துவிட்டது. ஆமாம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி. தலையாட்டுவதும் அப்படித்தான், எல்லாவற்றுக்கும் ஒரே ஆட்டம். பேச்சுப் பயிற்சிக்கு வரும் முத்துச்செல்வி படம் போட்ட அட்டைகளை வைத்து, சாப்பாடா தூக்கமா என்று தொட்டுக் காட்டச் சொல்கிறாள். அவர் அட்டைகளை ஒதுக்கிவிட்டுச் சுவரைப் பார்க்கிறார். "அந்த 'சரி' யோசிச்சுச் சொல்றது இல்ல மேடம். நாக்குல தங்கிப்போன சொல்லு. அதை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க."

ஒரு நாளைக்கு எத்தனை முடிவு பண்ண வேண்டியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. சின்னப் பெண்.

என் ஆபீசில் கூட வேலை பார்க்கும் பதுருன்னிஸா போனில் ஒரு படம் காட்டினாள். காயல்பட்டினத்தில் அவள் உம்மா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்கிறார்களாம். அவள் மாமா குவைத்திலிருந்து எண்பத்தெட்டு வாக்கில் கொண்டுவந்த கம்ப்யூட்டர். கீபோர்டே கம்ப்யூட்டர், டிவியில் சொருக வேண்டும். கட்டைகளில் இங்கிலீஷும் அரபியும்.

"காயலான் கடைக்குத்தான் போடணும்கா" என்றாள். பிறகு அவளே சிரித்தாள். "காயல்பட்டினத்துச் சாமானை எந்தக் காயலான் கடைக்குப் போடுறது சொல்லுங்க."

நான் சிரிக்கவில்லை. "எனக்குத் தருவியா" என்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன்?

ஜனவரி 12, ஞாயிறு

போய் எடுத்துவந்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், வெள்ளைத் துணியில் சுற்றி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் குழந்தையா என்று எட்டிப் பார்த்தாள்.

ஏன் கேட்டேன் என்று இப்போது எழுதிவிடலாம். பாலிடெக்னிக் படிக்கும்போது அவர் ஒரு வாட்ச் கடை மாடியில் கம்ப்யூட்டர் கிளாஸ் போனாராம். மொத்த வகுப்புக்கும் ஒரே மிஷின், இதே மாதிரி கீபோர்டிலேயே எல்லாம் அடங்கியது. அதைத் தொட முறை வரும்வரை படிக்கட்டில் காத்திருப்பாராம். கல்யாணமான புதிதில் சொன்னார். இத்தனை வருடத்தில் அவர் எதைப் பற்றியாவது ஆசையாகப் பேசி நான் கேட்டிருக்கிறேன் என்றால் அது அந்த மிஷினைப் பற்றித்தான். நான் பொறாமைகூடப் பட்டேன்.

அவர் முன்னால் மேஜையில் வைத்துத் துணியை அவிழ்த்தேன். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இடது கையைத் தூக்கிக் கட்டைகள் மேல் வைத்தார். அமுக்கவில்லை. நாய்க்குட்டி முதுகில் வைப்பதுபோலச் சும்மா வைத்திருந்தார்.

அவ்வளவுதான் நடந்தது. இதிலிருந்து எதையும் கட்டக் கூடாது.

ஜனவரி 15, புதன்

பொங்கலுக்கு உடன்குடியிலிருந்து பெரிய அத்தான் காசிலிங்கம் வந்தார், இவருடைய அண்ணன். கரும்பு, மஞ்சள் குலை, ஒரு ஓலைக் கொட்டான் கருப்பட்டி. உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

"அனுசியா, நீ ஆபீஸ் போயிருத. இவன் பகல் பூரா வேலைக்காரி மூஞ்சியப் பாத்துக்கிட்டுக் கெடக்கான். அங்கன வீடு நெறைய ஆளு இருக்கு. பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போயிட்டு வார வழியில இவனக் கூட்டிட்டுப் போயிருதேன். அங்கனயே இருக்கட்டும். நீ லீவுக்கு லீவு வா."

நான் அவரைப் பார்த்தேன். அத்தானும் அவரைப் பார்த்துக் கேட்டார்: "ஏலே சிவா, வாரியாலே?"

"சரி."

"பாத்தியா, அவனே சொல்லுதான்."

அத்தான் கெட்டவர் இல்லை. இவர் சட்டையில் எச்சில் வடிந்ததைத் தன் துண்டால் துடைத்துவிட்டார். கார் ஏறும்போது கண் கலங்கியிருந்தது. அதனால்தான் மறுக்க மனம் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. அவர் 'சரி' என்றபோது என் நெஞ்சில் ஏதோ லேசானது. போனால் காலையில் முழுசாக ஒரு காப்பி குடிக்கலாம். கழிவறைக்குத் தூக்கிப் பிடித்துப் போக வேண்டாம். முதுகு வலிக்காது. ஒரு நொடிதான். ஆனால் வந்தது.

அவர் போக விரும்புகிறாரா? அது தெரிய வேண்டும். என் ஆசை எதுவாக இருந்தாலும் அது முதலில் தெரிய வேண்டும். யாரிடம் கேட்பது? அவரிடம்தான். அவர் என்ன சொல்வார்? சரி.

ஜனவரி 17, வெள்ளி

கோயம்புத்தூரில் படிக்கும் மகள் பானுப்ரியா போனில்: "அம்மா, டேப்லெட்ல இதுக்குன்னே ஆப் இருக்கு. அந்தப் பழைய டப்பாவ வச்சு என்ன பண்ணப் போற?"

ஆப் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. கண்ணாடியைத் தொட்டதும் படம் நழுவுகிறது, விரல் நடுங்கினால் வேறு பக்கம் வருகிறது. தீபாவளிக்கு முந்தின வாரம் என் போனைத் தூக்கி எறிந்தார். இதில் கட்டை இருக்கிறது. அமுக்கினால்தான் அமுங்கும். பழைய காலத்தில் விரல் கற்றது எங்காவது பத்திரமாக இருக்கலாம் அல்லவா? பேச முடியாதவர் அடிக்கலாம் அல்லவா?

அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவளும் நம்ப ஆரம்பித்துவிடுவாள்.

ஜனவரி 19, ஞாயிறு

லிங்கராஜ் வந்தான். துறைமுகத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன். மற்றவர்கள் வந்தால் இவர் படுத்திருக்கிற அறைக்கு வெளியிலேயே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். இவன் வாசலிலேயே, "என்ன அண்ணாச்சி, இன்னும் லீவுதானா? அங்கன ஒங்க வேலையையும் சேத்து என் தலையில கட்டுதானுவ" என்று சத்தம் போட்டுக்கொண்டு வருவான்.

மிஷினைச் சொருகினோம். உயிர் இல்லை. மூடியைக் கழற்றினான். உள்ளே பல்லி முட்டை ஓடுகள், பச்சைப் பச்சையாகக் களிம்பு, ஒரு செத்த கரப்பான். ஃபியூஸ் போயிருந்தது. வீங்கிப்போன கப்பாசிட்டர் இரண்டு.

"மதினி, இது கடக்காத்துல ஊறின சாமான். கப்பல்ல வந்து, அப்புறம் கடலுக்குப் பக்கத்துலயே முப்பது வருசத்துக்கு மேல கெடந்திருக்கு. சொல்லுததுக்கில்ல."

"முடியாதா?"

"முடியாதுன்னு சொன்னா நீங்க விடவா போறீய."

ஜனவரி 26, ஞாயிறு

ஃபியூஸ் மாற்றினான். கப்பாசிட்டர் மாற்றினான். சிவப்பு விளக்கு எரிந்தது. டிவியில் ஒன்றும் இல்லை. அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

எதுவும் எழுத இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றைக்கு நன்றாக இருந்தது. எழுதி வைக்கிறேன்.

மிஷினுக்குள் இருக்கிற சர்க்கியூட் போர்டைக் கழுவினால் பாதி நோய் போகும் என்று ஒரு வீடியோ பார்த்து வந்தான் லிங்கராஜ். "பாத்திரம் கழுவுத மாதிரிதான் மதினி. சோப்பு, தண்ணி, பிரஷ். நல்லாக் காய வச்சிரணும், அவ்வளவுதான்." பின்வாசல் குழாயடியில் உட்கார்ந்து இரண்டு பேரும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தோம். அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வாசலோரம் உட்காரவைத்திருந்தேன். பச்சைக் களிம்பு கரைந்து போகப் போக எனக்கே ஒரு உற்சாகம். குழாயைத் திறந்து நன்றாக அலசினேன்.

அப்போது அவர், "சரி. சரி. சரி" என்றார். சத்தமாக. இடது கையால் நாற்காலிக் கையைத் தட்டித் தட்டி.

"அண்ணாச்சி சந்தோசத்தப் பாத்தீயளா" என்றான் லிங்கராஜ்.

நானும் சிரித்தேன். விழுந்ததற்குப் பிறகு அவர் குரல் உயர்ந்து கேட்டது இதுதான் முதல் தடவை. போர்டை மொட்டைமாடியில் கொசுவலைக்கு அடியில் காய வைத்தேன்.

பிப்ரவரி 12, புதன்

ஆபீசிலிருந்து வந்ததும் மாடி ஏறிப் பார்த்தேன். போர்டு முழுக்க வெள்ளை பூத்திருக்கிறது. சிப்புகளின் கால்களில், இடுக்குகளில், எல்லா இடத்திலும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஊரில் கழுவுகிற தண்ணீர் என்றால் போர்வெல் உப்புத் தண்ணீர்தான். நல்ல தண்ணீர் குடிக்க, பொங்க. அதில் ஒரு டம்ளரைக் கழுவினால்கூடக் கை கூசும், அப்படியே வளர்ந்தாயிற்று. லிங்கராஜும் இதே ஊர்க்காரன், முத்தையாபுரத்தில் பிறந்தவன். வீடியோவில் பேசியவனுக்குத் தண்ணீர் என்றால் ஒரே தண்ணீர். எங்கள் இரண்டு பேருக்கும் எந்தத் தண்ணீர் என்ற கேள்வியே வரவில்லை. கடற்காற்று முப்பது வருடத்தில் செய்ததை அரை மணி நேரத்தில் செய்து முடித்தோம்.

ஆனால் நான் உட்கார்ந்தது அதற்காக இல்லை.

அவர் சந்தோஷப்படவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாற்காலியைத் தட்டித் தட்டி, வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் சிரித்தோம்.

இந்த ஆறு மாதத்தில் எத்தனை 'சரி' இப்படி?

பிப்ரவரி 13, வியாழன்

லிங்கராஜிடம் போனில் சொன்னேன். "ஒரு வாளித் தண்ணியில நம்ம ரெண்டு பேரு படிப்பும் போச்சு மதினி" என்றான். பிறகு, "அண்ணாச்சி திட்டியிருக்காரு. நாம கைதட்டுனோம்."

பிப்ரவரி 16, ஞாயிறு

பேட்டரிக்கு ஊற்றுகிற உப்பில்லாத தண்ணீர் இரண்டு கேன் வாங்கிவந்தான். அதில் ஊறவைத்து, ஊற்றி, திரும்ப ஊறவைத்தோம். முதலில் போர்டை அவர் மடியில் வைத்துக் காட்டினேன். கேனையும் காட்டினேன். "இது பேட்டரித் தண்ணி. ஊத்தலாமா?"

"சரி."

எந்த சரி? முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகமும் பாதிதான் வேலை செய்கிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஒரு சிப்பைப் பிடுங்கும்போது அரித்துப்போன கால் இரண்டு உடைந்து கையோடு வந்துவிட்டது. லிங்கராஜ் அதைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான்.

முத்துச்செல்வி நேற்று மெதுவாகச் சொன்னாள், இனிமேல் பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம் என்று. பெரிய அத்தான் போன் செய்து, கீழ் அறைக்கு வெஸ்டர்ன் டாய்லெட் வைத்துவிட்டதாகச் சொன்னார். இவருக்காகவே கட்டியிருக்கிறார்.

போகட்டும் என்றுதான் தோன்றுகிறது. அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். இங்கே என்ன இருக்கிறது? நான் இருக்கிறேன், காலை எட்டு மணி வரை, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல். எதையும் புரிந்துகொள்ளாத நான்.

மார்ச் 2, ஞாயிறு

உடைந்த காலுக்குப் பதில் முடி மாதிரி மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைத்தான் லிங்கராஜ். டிவியில் சாம்பல் நிறத்தில் ஏதோ வந்து போயிற்று. அவ்வளவுதான்.

மார்ச் 9, ஞாயிறு

வந்துவிட்டது.

நீலத் திரை. அதில் வெள்ளையாக அரபி எழுத்து, வலப்பக்கத்திலிருந்து. லிங்கராஜ் கையில் ஸ்குரூடிரைவரோடு அப்படியே நின்றான். "இப்ப இதுக்கு யாரப் புடிக்க?"

பதுருன்னிஸாவை வீடியோவில் கூப்பிட்டேன். நோன்பு திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். போனைத் திரைக்கு நேராகப் பிடித்தேன். "வாங்கன்னு போட்டிருக்குக்கா. மரியாதையான மிஷின். கீழே ரெண்டு வழி இருக்குது, ரெண்டாவதை அமுக்குங்க." பின்னாலிருந்து அவள் உம்மா எட்டிப் பார்த்து, "நம்ம ஊட்டுப் பொட்டியா பேசுது?" என்றார்.

இரண்டை அமுக்கினேன். அரபி போய் இங்கிலீஷ் வந்தது. 'ஓகே' என்று ஒரு சொல். அதற்குக் கீழே ஒரு கட்டம், காத்துக்கொண்டு.

அவரை மேஜைக்கு நேரே கொண்டுவந்து உட்காரவைத்தேன். பார்த்தார். நன்றாகப் பார்த்தார். இடது கை ஆள்காட்டி விரல் மேல் வரிசையில் ஊர்ந்தது. ஒன்று. பூஜ்யம். பிறகு நெடுநேரம் தேடி, வரியை முடிக்கிற பெரிய கட்டையைக் கண்டுபிடித்து அமுக்கினார்.

பீப். திரையில் பதில் வந்தது: அப்படி ஒரு வரி இல்லை.

இருபது. பீப். அப்படி ஒரு வரி இல்லை.

முப்பது. பீப்.

வகுப்பில் கற்றது. ஒவ்வொரு வரிக்கும் முதலில் ஒரு எண் போட வேண்டும், எண்ணுக்குப் பக்கத்தில் கட்டளை எழுத வேண்டும். எண்கள் அவருக்கு ஞாபகம் இருக்கின்றன. எண்ணுக்குப் பக்கத்தில் எழுத ஒன்றுமில்லை. தொண்ணூறு வரைக்கும் போனார். ஒவ்வொரு தடவையும் அந்த மிஷின் அதே பதிலைச் சொன்னது. லிங்கராஜ் வெளியே போய் நின்றுகொண்டான்.

நான் மிஷினை அணைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

முத்துச்செல்வியிடம் கேட்டேன். "எண்ணு வரிசையா வர்றது மனப்பாடம் மேடம். அவங்க 'சரி' மாதிரிதான். அதுல அர்த்தம் தேடாதீங்க, உங்களுக்குத்தான் கஷ்டம்."

அவள் சொல்வது சரி. பாருங்கள், நானும் அதையே எழுதுகிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

திரும்பப் போட்டேன். அவருக்காக இல்லை, இவ்வளவு பாடுபட்டோமே என்று. இன்டர்நெட்டில் இந்த மிஷினுக்கான பழைய புத்தகம் கிடைத்தது. அதைப் பார்த்து நானே அடித்தேன், அவர் பார்த்துக்கொண்டிருக்க. தமிழை இங்கிலீஷ் எழுத்தில். அவர் போனில் மெசேஜ் அனுப்பியதெல்லாம் அப்படித்தான். பிரிண்ட் என்றால் பக்கத்தில் இருப்பதைத் திரையில் காட்டு என்று கட்டளை.

10 பிரிண்ட் "சிவபாலன்"
20 பிரிண்ட் "நல்லா இருக்கேன்"

ஓடவிட்டேன். சிவபாலன், நல்லா இருக்கேன் என்று இரண்டு வரி வந்தது. அவர் கையை நீட்டினார். இரண்டு. பூஜ்யம். பெரிய கட்டை.

பீப் சத்தம் வரவில்லை.

மிஷின் மறுபடி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். திரும்ப ஓடவிட்டேன். 'சிவபாலன்' மட்டும் வந்தது. இருபதாவது வரி இல்லை. புத்தகத்தைப் புரட்டினேன். இருக்கிற ஒரு வரியின் எண்ணை மட்டும் அடித்து, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டால், அந்த வரி அழிந்துவிடும். அதுதான் அழிக்கிற வழி.

மனப்பாடமாக வரிசையாகத்தான் அடிக்கிறார் என்றால் முதலில் பத்து அழிந்திருக்க வேண்டும். பத்தை அவர் தொடவில்லை. பெயரை விட்டுவிட்டு, நல்லா இருக்கேன் என்பதை அழித்திருக்கிறார்.

தற்செயலாக இருக்கலாம். தற்செயல்தான்.

மார்ச் 23, ஞாயிறு

இந்த வாரம் முழுக்கத் தொடவே இல்லை. எதை எழுதினாலும் சுவரைப் பார்க்கிறார். நான்தான் பேயைப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

பி.எஸ்ஸி பிசிக்ஸ் படித்ததற்கு ஒரு சோதனையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று உட்கார்ந்தேன்.

10 பிரிண்ட் "தோள் வலிக்குது"
20 பிரிண்ட் "தோள் வலிக்கல"

இருபதை அழித்தார். இடம் மாற்றினேன். பத்தில் 'வலிக்கல', இருபதில் 'வலிக்குது'. பத்தை அழித்தார். எண்களை நூறு, இருநூறு என்று மாற்றினேன். சரியாக அதையே தேடி அழித்தார். வியர்த்துப்போய்விட்டார். மூச்சு வாங்கியது. ஒவ்வொரு எண்ணுக்கும் அவ்வளவு நேரம், அவ்வளவு தேடல்.

வலிக்கிறது. விழுந்ததிலிருந்தே வலித்திருக்கும். தினமும் கேட்டேன், தினமும் 'சரி' என்றார். பிசியோதெரபி பையன் அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கி இழுக்கும்போது நான் பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லியிருக்கிறேன்.

என்ன மனுசி நான்.

ஏப்ரல் 1, செவ்வாய்

பிசியோ பையனிடம் சொல்லியாயிற்று. முத்துச்செல்விக்கு மிஷினைக் காட்டினேன். அவருக்கு அன்றைக்கு மனமில்லை. நாலு கேள்விக்கு ஒன்றும் அழிக்கவில்லை. அவள் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அது பரிதாபம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வெள்ளிக்கிழமை உத்திரம். பெரிய அத்தான் வருவார். இன்னும் அதைக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஜனவரியில் துடித்தவள், கேட்க வழி வந்த பிறகு ஒரு வாரமாக டிவி சேனலும் சட்னியும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தேங்காய்ச் சட்னி பிடிக்காதாம். இத்தனை வருடமாக.

பயம். போகிறேன் என்று சொல்லிவிட்டால்? போகமாட்டேன் என்று சொல்லிவிட்டால்? எதற்கு அதிகம் பயம் என்று எழுதக் கை வரவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அடித்தேன்.

10 பிரிண்ட் "உடன்குடி போறேன்"
20 பிரிண்ட் "இங்கேயே இருக்கேன்"

பத்தை அழித்தார். இடம் மாற்றினேன். இருபதை அழித்தார். உடன்குடி இரண்டு தடவையும் போயிற்று.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. என்ன புத்தியோ, அதற்கு அடியில் இன்னொரு வரி சேர்த்தேன்.

30 பிரிண்ட் "அனுசியா சொன்னா போறேன்"

அவர் வாசித்தார். அவர் வாசிக்கிறாரா என்று இனிமேல் எனக்குச் சந்தேகம் இல்லை. கண் ஓடுவது தெரிந்தது. கை கட்டைகள் மேலேயே இருந்தது. மூன்றின் மேல் விரல் போய் நின்றது. காத்திருந்தேன். அழியுங்க என்று மனதுக்குள் சொன்னேன். அழிச்சுருங்க.

விரலை எடுத்துக்கொண்டார். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

முப்பதாவது வரி திரையில் அப்படியே நின்றது.

ஏப்ரல் 8, செவ்வாய்

களைப்பாக இருந்திருக்கும். அதனால் அழிக்காமல் விட்டிருக்கலாம். அழிக்காததெல்லாம் பதிலா?

பதில்தான். மனதில்லாத இடத்துக்கு நான் சொன்னால் போவார். இப்போது எல்லாம் என் வாயில் இருக்கிறது. அவருக்கு ஒரே சொல். எனக்கு ஆயிரம் இருந்தும் எதைச் சொல்ல?

ஏப்ரல் 9, புதன்

மிஷின் வரவில்லை. விளக்கும் இல்லை. லிங்கராஜ் திறந்து பார்த்தான். போர்டுக்கு உள்ளேயே உப்பு இறங்கிச் செம்புத் தடங்களை அரித்திருக்கிறதாம். "நாம கழுவுன கழுவல்தான் மதினி. இத்தன நாளு ஓடுனதே பெருசு." வேறு போர்டு கிடைக்குமா? "இந்த உலகத்துல எங்கயாவது இருக்கும். வெள்ளிக்கெழமைக்குள்ள இருக்காது."

அவனிடம் வெள்ளிக்கிழமையைப் பற்றி எப்போது சொன்னேன்? ஞாபகம் இல்லை.

எண் போட்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். காகிதத்தையே பார்க்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி. பங்குனி உத்திரம்

நாலு மணிக்குக் கார் வந்தது. பெரிய அத்தான், அவர் மகன். பின் சீட்டில் மெத்தை விரித்து, தலையணை போட்டு வைத்திருந்தார்கள். சாஸ்தா கோயில் திருநீற்றை அவர் நெற்றியில் பூசிவிட்டு அத்தான் கேட்டார்:

"ஏலே சிவா, பொறப்புடுவமா?"

"சரி."

"அவரு வரல அத்தான்" என்றேன்.

"என்னம்மா சொல்லுத? இப்பத்தான அவனே சரிங்கான்."

"அது சரி இல்ல. அவரு வேண்டாங்காரு. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

மேஜை மேல் மிஷின் இருந்தது. அதைக் காட்டி என்ன சொல்ல? எண்ணை அமுக்கினார், வரி அழிந்தது, இப்போது மிஷினே செத்துவிட்டது. எனக்கே பைத்தியக்காரி பேச்சு மாதிரி கேட்டிருக்கும். "என்கிட்டச் சொன்னாரு" என்றேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது.

"பேச்சு வராதவன் ஒங்கிட்டச் சொன்னான்." அத்தான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபம்கூட இல்லை. "நாளைக்கு இவனுக்கு ஒண்ணுன்னா ஊரு என்னயத்தான் கேக்கும், தம்பிய ஏன் விட்டேன்னு. யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன் அத்தான். போக வேண்டாம்னு நான் சொல்லுதேன்."

அவர் அத்தானைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தான் காப்பி குடிக்காமல் போனார். போகும்போது தலையணையை மட்டும் எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் போனார், புதிதாகத் தைத்ததாம். இனிமேல் எப்போது வருவாரோ. அந்தக் கீழ் அறையை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. நாளைக் காலையிலிருந்து என் முதுகை நினைத்தாலும்தான்.

கதவைச் சாத்திவிட்டு வந்து அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"நான் செஞ்சது சரியா?" என்றேன். கேட்ட பிறகுதான் கேள்வியே தப்பு என்று உறைத்தது. இதற்கு என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியாதா.

அவர் வாய் திறந்தது. அந்தச் சொல் வரும்போது உதடு எப்படிக் கோணும் என்று எனக்குத் தெரியும், கோணியது. பல்லுக்குப் பின்னால் காற்று சேர்வதுகூடக் கேட்டது.

பிறகு வாயை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் பார்த்தேன். மூடியேதான் இருந்தது. தானாக வந்துவிடுகிற சொல்லை முதல் தடவையாக அவரே பிடித்து நிறுத்தியிருந்தார். எழுந்து தோளுக்குப் போடத் தைலம் எடுத்துவரப் போனேன்.